குராமோச்சி நாட்டோவை விட்ட கதை

குராமோச்சியைப் பற்றி யாராவது கேட்டால், அவனை நாலு வசவு வைதுவிட்டுத்தான் நான் பேச்சையே ஆரம்பிப்பேன். அவன் எதிரில் நின்றாலும் அப்படித்தான். இபராகிக் கடற்கரையில், மீன் ஏலக்கூடத்தைத் தாண்டினால் வரும் சின்னக் கடற்பூங்காவில் பாதி ஆயுளை ஒன்றாகக் கழித்தவர்கள் நாங்கள். நான் தீனிக்கூடத்தில் மீன் வெட்டினேன். அவன் அந்த மீனை டால்பின் வாயில் போட்டான். முள் குத்துகிறது, குளிர் போகவில்லை, இது நேற்றைய கானாங்கெளுத்தி என்று தினமும் ஒரு குறையோடு வந்து நிற்பான். தின்கிற டால்பினுக்கு இல்லாத நாக்கு இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ!

முழுப்பெயர் குராமோச்சி இசாமு. முடிதிருத்துகிறவரின் மகன். அப்பா கையில் கத்தரியைக் கொடுத்ததும், ஊர் அஞ்சலகத் தலைவரின் ஒரு பக்க மீசையை மட்டும் எடுத்துவிட்டான். 'நீ பம்பு ரிப்பேருக்குப் போ' என்று அப்பா அனுப்பிவிட்டார். அப்படி எங்கள் பூங்காவுக்குப் பம்பு ரிப்பேர் செய்ய வந்தவன், ஈரத்தரையில் வழுக்கிக் கருவிப் பையோடு குளத்துக்குள் விழுந்தான். அப்போது அந்தக் குளத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் டால்பின் வராபி, பையிலிருந்து ஒரு ஸ்பேனரைக் கவ்விக்கொண்டு போய்விட்டாள். தர மாட்டேன் என்றாள். மறுநாள் கேட்க வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். கடைசியில் பூங்காக்காரர்களே பாவப்பட்டு அவனுக்கு ரப்பர் பூட்சு கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

"நான் வேலைக்குச் சேரலக்கா. ஸ்பேனரை வாங்கத்தான் வந்திட்டிருக்கேன்," என்பான். ஸ்பேனர் கடைசிவரை கிடைக்கவில்லை.

மற்றப் பராமரிப்பாளர்கள் டால்பினை மூச்சு விடச் சொல்ல விரலை மேலே காட்டுவார்கள். இவனுக்கு அதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் வராபியின் தலைமேல் இருக்கும் மூச்சுத்துளைக்கு நேராகக் குனிந்து, "பூஃப்!" என்று ஊதினான். வராபி திருப்பி "பூஃப்!" என்றாள். தண்ணீரும் சளியும் அவன் முகமெல்லாம். அவனுக்கு ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் வணக்கம், சௌக்கியமா, போய்வருகிறேன் எல்லாம். வேறு யார் விரல் காட்டினாலும் வராபி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

கல்யாணம்? அதையும் நான்தான் பேசினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. என் சித்தப்பா மகளைக் கூட்டிவந்து, குளிர்காலத்துக்கு ஏற்றபடி தவளைவாயன் மீன் குழம்பு கொதிக்கும் சட்டியை அடுப்போடு நடுவில் வைத்து இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். சட்டி கொதித்துக்கொண்டிருக்கிறது, அவன் வராபியின் சாணி வாரத்துக்கு வாரம் என்ன நிறத்தில் மாறுகிறது என்று விளக்கிக்கொண்டிருக்கிறான். நடுவில், "இதோ, இந்தக் குழம்பு நிறம்," என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினான். அந்தப் பெண் கை கழுவப் போனவள் அப்படியே ரயிலேறிவிட்டாள். அதற்குப் பிறகு சித்தப்பா வீட்டில் எனக்குத் தேநீர்கூடக் கிடையாது.

ஆக, அவன் உலகத்தில் நேசித்தது இரண்டைத்தான். ஒன்று வராபி. இன்னொன்று நாட்டோ.

எங்கள் ஊரில் நாட்டோ தின்னாதவன் யார்? சோயாப் பயறை வேகவைத்து, வைக்கோல் வாசத்தில் நொதிக்கவிட்டு, கடுகும் சோயா சாஸும் வெங்காயத்தாளும் போட்டு, குச்சியால் கிண்டக் கிண்ட நூல் நூலாக இழுக்குமே, அதுதான். சுடுசோற்றில் போட்டால் ஒரு வாய் அதிகம் இறங்கும். நாங்கள் காலையில் ஒரு வேளை தின்போம். அவன் மூன்று வேளையும் தின்பான். கிண்டும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சாமி கும்பிடுகிறவன்கூட அவ்வளவு பயபக்தியாக இருக்க மாட்டான். தின்று முடித்த பிறகும் மீசையிலிருந்து ஒரு நூல் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும்.

"யோவ், மீசையைத் துடைய்யா. சிலந்தி வந்து குடித்தனம் வைக்கப்போகுது."

"அது மத்தியானத்துக்கு வெச்சிருக்கேன்க்கா."

இப்படிப்பட்ட பிறவி.

ஒரு கோடை முடிவில் வராபியின் குளத்துத் தோழி யொமோகி செத்துப்போனாள். நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்தவள், திடீரென்று தீனியை மறுத்தாள், மூச்சில் கெட்ட வாடை வந்தது, போய்விட்டாள். நுரையீரலில் பாக்டீரியா புகுந்து சீழ் கட்டியிருந்ததாம். டால்பின்கள் அப்படித்தான், நோயை முகத்தில் காட்டாது. காட்டுகிற நாளில் கை மிஞ்சிப் போயிருக்கும். குராமோச்சி அவளைத் தூக்கிய கிரேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றான். நான் வெட்டிய மீனைக் குறை சொல்லாமல் இருந்தது அந்த வாரம்தான். வராபி குளத்தின் ஒரே மூலையில் மிதந்தாள். அவளும் கிழவிதான், அந்த வயதுக்கு மேல் இருக்கிற டால்பின்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதன் பிறகு புது மருத்துவர் வந்தார். டாக்டர் நிஷிவாகி. ஒசாகாக்காரப் பெண். சின்ன வயது, நல்ல கெட்டிக்காரி, குரல் மட்டும் ஊரைக் கூட்டும். வந்த முதல் நாளே எங்கள் ஓய்வறைக்குள் காலடி எடுத்து வைத்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"இங்க என்ன செத்துக் கெடக்கு?"

"என்னோட காலைச் சாப்பாடு டாக்டர்," என்றான் குராமோச்சி, கிண்டிக்கொண்டே.

"அழுகின பயறையா சாப்பிடுறீங்க? ஐயோ, குடலைப் புரட்டுதே! இந்த ரூமுக்குள்ள இனிமே அது வரக்கூடாது. கையெடுத்துக் கும்பிடுறேன், வெளியில போய்ச் சாப்பிடுங்க!"

ஒசாகா ஜனங்களுக்கு நாட்டோ என்றால் ஆகாது, எங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் வீட்டிலேயே தின்றுவிட்டு வரப் பழகினோம். குராமோச்சிக்கு அதெல்லாம் சரிப்படாது. சோற்றுப் பெட்டியையும் நாட்டோவையும் தூக்கிக்கொண்டு நேராக வராபியின் குளத்தங்கரைக்குப் போய்விட்டான். அவள் பக்கத்தில் மிதக்க, இவன் கிண்ட, கடற்காற்று வீச, இருவருக்கும் சந்தோஷம்.

டாக்டரம்மா இன்னொரு ஏற்பாடும் செய்தார். யொமோகிக்கு நடந்தது வராபிக்கு நடக்கக்கூடாது; அதனால் அடிக்கடி அவள் மூச்சைச் சோதிக்க வேண்டும். வட்டமான கண்ணாடித் தட்டில் பாக்டீரியா வளர்வதற்குத் தோதாக ஒரு கூழ் ஊற்றி வைத்திருப்பார்கள். அதை மூச்சுத்துளைக்கு மேல் பிடித்து, டால்பினை ஊதச் சொல்ல வேண்டும். பிறகு மூடிக் கதகதப்பான பெட்டியில் வைத்தால், மூச்சில் என்ன இருக்கிறதோ அது தட்டில் முளைத்துவிடும். டாக்டரம்மா தட்டைப் பிடித்து விரலைக் காட்டினார். வராபி அசையவில்லை. கெஞ்சினார். வராபி முதுகைக் காட்டினாள்.

"நான் பண்றேன் டாக்டர்," என்று குராமோச்சி குளத்தின் அந்தப் பக்கத்தில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான். தட்டை வாங்கினான், குனிந்தான், "பூஃப்!" என்றான். வராபி "பூஃப்!" என்றாள். வராபி மறுபடி முதுகைக் காட்டிவிடக்கூடாதென்று பத்தடி தள்ளி நின்ற டாக்டரம்மா கைதட்டினார்.

மறுநாள் கைதட்டல் இல்லை. தட்டு முழுக்க என்னவோ முளைத்திருந்தது. அதுவரை அந்தக் குளத்தில் காணாத ஒன்று. டாக்டரம்மா தன் அறையைப் பூட்டிக்கொண்டார். தட்டுகளை யாரும் பார்க்கக்கூடாது, தொடக்கூடாது, பக்கத்தில் மூச்சுவிடக்கூடாது. ஒரு துளியைப் பெயர் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே வருஷக்கடைசி வேலை நெருக்கடி. வரிசையில் நில் என்று சொல்லிவிட்டார்கள்.

"கோல் மாதிரி இருக்கற பாக்டீரியா. இந்தக் கூட்டத்துல ஆளைக் கொல்றதும் இருக்கு," என்றார் எங்களிடம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "யொமோகி போனப்போ நான் இங்க இல்ல. வராபியை விடமாட்டேன்."

ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மீனின் செவுளுக்குள் ஒளித்துக் கொடுத்தோம். வேலை செய்யவில்லை. அடுத்த தட்டு இன்னும் மோசம். ஏன் மோசமாகாது? வராபிக்கு உடம்பு சரியில்லை என்றதும் குராமோச்சி, 'நான் தெம்பாக இருந்தால்தான் அவளைப் பார்த்துக்கொள்ள முடியும்' என்று ஒரு வேளைக்கு இரண்டு பொட்டலமாக நாட்டோவைக் கூட்டிவிட்டானே! நாட்டோ தின்றால் தளராத மனசு வரும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. தட்டு மோசமாக மோசமாக இவன் தின்றான். இவன் தின்னத் தின்னத் தட்டு மோசமானது. யாருக்காவது புத்தியில் உறைத்ததா? எனக்கும்தான் உறைக்கவில்லை. நானும் என் பங்குக்கு வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தேன்.

மாத்திரை தின்று தின்று வராபியின் வயிறு கெட்டது. தீனியைப் பாதியில் துப்பினாள். சாணியின் நிறத்தைப் பற்றிக் குராமோச்சி பேசுவதையே நிறுத்திவிட்டான். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

எங்கள் இயக்குநர் ஷிமோதா நல்ல மனிதர், ஆனால் நிழலுக்கே பயப்படுகிறவர். பக்கத்துக் குளத்தில் கடல்சிங்கங்கள் இருக்கின்றன, இது பரவினால் பூங்காவையே மூட வேண்டும் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "வராபியைத் தெற்கே இருக்கற தனிமைக் குளத்துக்கு அனுப்பிடலாம். லாரி ஏற்பாடு பண்ணியாச்சு."

"எவ்வளவு தூரம்?" என்றான் குராமோச்சி.

"ஒரு ராத்திரி, ஒரு பகல்."

"தண்ணியில்லாம, தூளியில தொங்கவிட்டா?"

இயக்குநர் தரையைப் பார்த்தார். குராமோச்சி டாக்டரம்மாவைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க டாக்டர். இந்த வயசுல, இந்த உடம்போட, அவ போய்ச் சேர்வாளா?"

டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "பாதி வழி தாண்டறதே சந்தேகம்தான்," என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

மறுநாள் நான் வெங்காயத்தாள் போட்டுக் கிண்டிக்கொண்டு போன நாட்டோவைப் பார்த்துக் குராமோச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னய்யா, காய்ச்சலா?"

"வேண்டாம்க்கா."

"வேண்டாமா? நீயா சொல்றே? உண்மையைச் சொல்லு, இல்லேன்னா இந்தக் கிண்ணத்தை உன் தலையில கவுத்துருவேன்."

கவிழ்க்கக்கூடியவள் என்று அவனுக்குத் தெரியும். சொல்லிவிட்டான். கடற்பாறைமேல் நிற்கும் கோயில் தோரணவாயிலுக்குப் போய், எங்கள் வழக்கப்படி கைதட்டிக் கும்பிட்டு, வராபியின் மூச்சு சுத்தமாகும்வரை நாட்டோவைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டானாம். மனசுக்கு ரொம்பப் பிடித்ததைச் சாமி முன்னால் விட்டுவிடுவது எங்களில் உண்டுதான். தேநீரை விட்டவர்கள் இருக்கிறார்கள். என் மாமனார் அரிசி மதுவான சாக்கேயை விட்டுவிட்டு அன்று மாலையே பீருக்கு மாறினார். ஆனால் குராமோச்சி நாட்டோவை விடுவதென்றால்? மீன் தண்ணீரை விடுவேன் என்கிற மாதிரிதான்.

"வெளியில சொல்லிராதீங்கக்கா. சொன்னா பலிக்காது."

அவன் பட்ட பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. வாய் சும்மா இருந்தாலும் கை இருக்கவில்லை. எதைக் கண்டாலும் கிண்டினான். தேநீரைக் குச்சியால் கிண்டினான். வெறும் சோற்றைக் கிண்டிக் கிண்டிக் கஞ்சியாக்கினான். நான் தீனிக்கு வைத்திருந்த மீன் துண்டுகளைக்கூடக் கிண்ட ஆரம்பித்தான். கரண்டியால் கையில் ஒன்று வைத்தேன்.

அடுத்த தட்டு சுத்தமாக வந்தது.

டாக்டரம்மா அறையிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். "ஒண்ணுமே இல்லை! ஒரு புள்ளிகூட இல்லை!" இயக்குநர் லாரியை நிறுத்தச் சொன்னார். நான் குராமோச்சியைக் கட்டிப்பிடித்தேன். மீன் வெட்டுகிற கத்தி கையில் இருந்ததால் அவன் கொஞ்சம் நடுங்கினான். வேண்டுதல் பலித்துவிட்டது. மூச்சு சுத்தமாகும்வரை என்றுதானே சொன்னான்? சுத்தமாகிவிட்டதே. நேராகக் குளத்தங்கரைக்குப் போய், மூன்று பொட்டலத்தை ஒரே கிண்ணத்தில் கொட்டி, கண்ணில் நீர் வழிய வழியத் தின்றான். பசித்த பிள்ளை தாயைக் கண்டது மாதிரி இருந்தது.

"உறுதிப்படுத்தறதுக்கு இன்னொரு தட்டு எடுத்துருவோம்," என்று அறை வாசலிலிருந்து கூப்பிட்டார் டாக்டரம்மா. கிண்ணத்தை வைத்துவிட்டு வந்து குனிந்தான். "பூஃப்!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அந்தத் தட்டைப் போல மோசமான தட்டு அதற்குமுன் வந்ததே இல்லையாம். இயக்குநர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. லாரி திரும்ப வரச் சொல்லப்பட்டது. இந்தத் தடவை பேச்சுக்கே இடமில்லை என்றார்.

குராமோச்சி ரப்பர் பூட்சோடு பாறைக்கு ஓடினான். திரும்பி வந்தவனைத் தீனிக்கூடத்து வாசலில் மடக்கினேன்.

"சாமி என்னைக் கையும் களவுமா பிடிச்சிருச்சுக்கா. நான் அற்பத்தனமா வேண்டியிருக்கேன். சுத்தமாகிற வரைக்கும்னு பேரம் பேசினேன் பாருங்க, அதான்."

"இப்ப என்னன்னு வேண்டினே?"

"வராபி உயிரோட இருக்கற வரைக்கும் தொடமாட்டேன்னு."

அவனைத் திட்டாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அது என் வாழ்க்கையில் அபூர்வம்.

லாரி வந்த காலை பனி கொட்டியது. கிரேன்காரர் தூளியை இறக்கினார். முந்தின நாள் எடுத்த தட்டோடு டாக்டரம்மா குளத்தங்கரையில் நின்றார். "இது சுத்தமா இருக்கு சார். ஒரு நாள் பொறுக்கலாமே," என்று கெஞ்சினார். "போன தடவையும் சுத்தமாத்தான் இருந்தது. அப்புறம் என்ன ஆச்சு?" என்றார் இயக்குநர். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? குராமோச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று வராபியின் தலையை அணைத்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தூளியைக் கண்டாலே தெரியும். யொமோகி போனது அதில்தான். கீச்சுக் கீச்சென்று அவள் கத்தியதில் என் பல்லெல்லாம் கூசியது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கையிலிருந்த மீன் கூடையைத் தரையில் அறைந்தேன்.

"இந்த ஊர்ச் சாமிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா! ஒருத்தன் ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை நாட்டோவையே விட்டுட்டு நிக்கிறான், அவன் கேட்டதைத் தர மாட்டியா நீ!"

"அக்கா, சொல்லாதீங்கக்கா!" என்று தண்ணீருக்குள்ளிருந்து அலறினான் குராமோச்சி.

டாக்டரம்மா திரும்பினார். "என்ன ரெண்டு தடவை?"

"என்னத்தைச் சொல்ல! முதல்ல விட்டான். தட்டு சுத்தமாச்சு. அந்தச் சந்தோஷத்துல மூணு பொட்டலம் தின்னான்…"

"எப்போ? தட்டு எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. இதோ இங்க உக்காந்து தின்னுட்டு, அப்படியே வந்து ஊதினான்."

"இங்கயா? குளத்தங்கரையிலயா? இங்க எதுக்கு வந்து சாப்பிடறார்?"

"நீங்கதானே உள்ள தின்னக்கூடாதுன்னு விரட்டினீங்க!"

 டாக்டரம்மா பனியில் நனைந்த சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயையோ! காலேஜ்ல பேராசிரியர் முதல் நாளே சொன்னாரே! தட்டு வெச்சிருக்கற அறைக்குள்ள நாட்டோ தின்னுட்டு வராதீங்க, அந்த பாக்டீரியா எதுலயும் தொத்தி வளரும்னு சொன்னாரே! ஒசாகாவுல எவன் அதைத் தின்னான்? எல்லாரும் சிரிச்சுட்டு மறந்துட்டோம்!"

"அப்ப அது நோய் இல்லையா?" என்றார் இயக்குநர்.

"வராபி ஊதறதுக்கு முன்னாடி தட்டுல ஊதினது யாரு சார்?"

எல்லோரும் குராமோச்சியின் மீசையைப் பார்த்தோம். அது குற்றவாளி மாதிரி தொங்கியது.

ஆனால் இயக்குநருக்கு நிரூபணம் வேண்டும். டாக்டரம்மா வழி சொன்னார்: ஒரு ஆள் முதலில் வெறும் வாயால் ஒரு தட்டில் ஊத வேண்டும்; பிறகு நாட்டோ தின்றுவிட்டு இன்னொரு தட்டில் ஊத வேண்டும். இரண்டாவதில் மட்டும் அதே பாக்டீரியா முளைத்தால் சந்தேகமே இல்லை.

"குராமோச்சி, வாங்க," என்றார் இயக்குநர்.

"முடியாது."

"உங்க வராபிக்காகத்தான்யா!"

"வராபிக்காகத்தான் முடியாது. அவ இருக்கற வரைக்கும் தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேன். வாயில வெச்சேன்னா அவ போயிருவா."

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். அவன் தண்ணீரை விட்டே ஏறவில்லை. சரி, வேறு ஆள்? நான் அன்று காலை நாட்டோ தின்றிருந்தேன். இயக்குநரும் தின்றிருந்தார். கிரேன்காரரும், லாரி ஓட்டிவந்தவரும், சீட்டு கிழிக்கிற பெண்ணும் தின்றிருந்தார்கள். இபராகியில் காலை வேளையில் வெறும் வாய்க்கு எங்கே போவது? குராமோச்சியை விட்டால், அந்தப் பூங்கா முழுவதிலும் நாட்டோ படாத வாய் ஒன்றுதான் இருந்தது.

டாக்டரம்மா எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். "இல்லை," என்றார். "இல்லை, இல்லை, இல்லை."

முதல் தட்டில் ஊதினார். பிறகு நான் என் கையாலேயே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். "கிண்டுங்க டாக்டர். அப்படி இல்ல, வட்டமா. இன்னும். நூல் வரணும்."

"வந்திருச்சு அக்கா, வந்திருச்சு, என் கையெல்லாம் வந்திருச்சு!"

"கண்ணை மூடிக்கிட்டு ஒரே வாயா போடுங்க."

ஒரு கையால் மூக்கைப் பிடித்தார். மறு கையால் என் தோளைப் பிடித்தார். போட்டார். அவர் முகம் போன கோணலை எழுத்தில் வடிக்க என்னால் ஆகாது. ஒசாகாவில் இருக்கும் தன் அம்மாவைக் கூப்பிட்டார், எங்கள் ஊரைச் சபித்தார், ஆனால் துப்பவில்லை. விழுங்கினார். இரண்டாவது தட்டை எடுத்து, "பூஃப்!" என்று ஊதினார். அதைக் கேட்டு, குளத்துக்குள்ளிருந்து வராபியும் "பூஃப்!" என்றாள்.

லாரி ஒரு நாள் காத்திருந்தது. ஓட்டிவந்தவர் எங்களோடு வற்றல் சர்க்கரைவள்ளியைச் சுட்டுத் தின்றுகொண்டு, முடிவு தெரியாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா முதன்முறையாகத் தட்டுகளை எங்களிடம் காட்டினார். முதல் தட்டு வெறிச்சென்று இருந்தது. இரண்டாவதில் வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக ஒரு பாய் விரித்திருந்தது. ஊசியால் தொட்டுத் தூக்கினார். நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. எனக்குப் பார்த்ததும் பசித்தது. வராபியின் பழைய தட்டு ஒன்றையும் எடுத்து ஊசியை வைத்தார். அதே பாய், அதே நூல். இயக்குநர் சத்தம் போட்டு அழுதுகொண்டே லாரிக்காரருக்குக் கும்பிடு போட்டார். நாட்டோ பாக்டீரியாதான் என்று பல்கலைக்கழகத்திலிருந்து பெயர் வந்து சேர்ந்தபோது நாங்கள் அந்த உறையைத் தூபம் காட்டி மாட்டிவைக்கலாமா என்று யோசித்தோம்.

மாத்திரையை நிறுத்தியதும் வராபி தீனியைச் சூறையாடினாள். குராமோச்சி தீனிக்கூடத்துக்கு வந்து, "அக்கா, இந்த மீன்ல முள்ளு," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடையால் அடித்து விரட்டினேன்.

பிறகு எல்லோரும் அவனுக்குப் புத்தி சொன்னோம். நோயே இல்லை, இல்லாத நோய்க்கு வேண்டின வேண்டுதல் செல்லாது. டாக்டரம்மாவே வந்து சொன்னார்: "குளத்தங்கரையிலதான் கூடாது. வீட்ல தாராளமா சாப்பிடுங்க. வாயைக் கழுவிட்டு வாங்க, போதும்."

"நான் நோயைப் பத்தியா வேண்டினேன்? அவ உயிரோட இருக்கற வரைக்கும்னுதானே வேண்டினேன்?" என்றான். "இருக்காளே."



வராபி கிழவி, மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று வருஷம் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். அவள் எங்கள் கணக்கைச் சட்டை செய்யவில்லை. நான் ஓய்வு பெற்றேன்; அவள் இருந்தாள். குராமோச்சி ஓய்வு பெற்றான், அவள் இருந்தாள். டாக்டரம்மா எங்கள் ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டு, காலையில் நாட்டோ தின்னப் பழகி, அதனாலேயே தட்டைத் தொடாமல் உதவியாளரை வைத்துக்கொண்டார், வராபி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குராமோச்சி சீட்டு வாங்கிக்கொண்டு போய், அவள் தலைமேல் குனிந்து ஊதிவிட்டு வருகிறான்.

போன வாரம் அவனைச் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தேன். நாட்டோ அலமாரிக்கு எதிரில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தான். மீசை முழுக்க நரைத்துவிட்டது.

"வாங்கித் தொலையேன்யா," என்றேன். "சாமி இந்தக் கடைக்கெல்லாம் வராது."

திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. "காலையில போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன்க்கா. மூஞ்சியிலேயே ஊதிட்டா, படுபாவி. சளி மீசைவரைக்கும் வந்துச்சு."

"உனக்கு ஆசையா இல்லையா?"

"உசிரு போகுதுக்கா." ஒரு பொட்டலத்தைத் தொடாமல் கிட்டே குனிந்து முகர்ந்தான். "தினமும் இங்க வந்து நிப்பேன். வாங்காம திரும்பிப் போவேன். அப்பாடா, இன்னைக்கும் வாங்கலன்னு இருக்கும். என்னைக்காவது நான் இதை வாங்கிட்டுப் போறதைப் பார்த்தீங்கன்னா, எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. பேசாம போயிருங்க."

என் கூடையில் மூன்று பொட்டலம் நாட்டோ இருந்தது. அவனுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். அன்று வீட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேறு ஒன்றுமே இல்லை. வெறும் சோற்றைத் தின்றுகொண்டு அவனை வாய்க்கு வாய் திட்டினேன்.